அவண் இல்லாத வீட்டில் மரக்கறி சீஸ் பிரிட்டாட்டா

ஞாயிற்றுக்கிழமை பத்தரை பதினொரு மணிபோல நாலு பேரைக் கூப்பிட்டு, இடியப்பமும் சொதியும் இல்லாமல் வேறு ஏதாவது மேசையில் வைக்கவேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிட்டாட்டா இத்தாலிக்காரரின் முட்டைச் சாப்பாடு. மரக்கறியையும் சீஸையும் முட்டையோடு கலந்து, தடிப்பாக ஊற்றி, மெல்லிய நெருப்பில் வேகவிட்டு, முக்கோணத் துண்டுகளாக வெட்டிப் பரிமாறுவார்கள். ஒம்லெட் மாதிரி மடிப்பதில்லை. ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டு நாம் அடுப்படியிலேயே நிற்கவேண்டியதும் இல்லை, எனக்கு அதுதான் இதில் பெரிய வசதியாகப் படுகிறது.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் அவணும் வார்ப்பிரும்புத் தாச்சியும் இருக்கிற வீட்டை மனதில் வைத்து எழுதியவை. திருகோணமலையில் ஒரு காஸ் அடுப்பையும் நொன்ஸ்டிக் தாச்சியையும் வைத்துக்கொண்டு அவற்றை அப்படியே செய்யப்போனால் அடி கருகும், மேல் பச்சையாக இருக்கும், வெட்டினால் நடுவிலிருந்து தண்ணீர் ஓடும். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். பிழைக்குக் காரணம் எப்போதும் இரண்டுதான்: மரக்கறியில் இருக்கிற தண்ணீர், அடுப்பின் சூடு. கீழே நான் எழுதியிருப்பதில் முக்கால்வாசி இந்த இரண்டைப் பற்றித்தான்.

1. யார் வருகிறார்கள், எந்த நாளில் வருகிறார்கள்

சாமான் வாங்க முதல் இதைப் பாருங்கள். முட்டை மச்சம்தான். கேக்கில் முட்டை இருந்தால் கண்டுகொள்ளாதவர்கள்கூட, தட்டில் முட்டை முட்டையாகவே வந்தால் கையை எடுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சனிக்கிழமையும் மச்சம் தொடாத வீடுகள் இருக்கின்றன, புரட்டாதிச் சனி என்றால் கேட்கவே வேண்டாம், கந்தசஷ்டி, திருவெம்பாவை நாட்களும் அப்படித்தான். ஞாயிறுதான் பயமில்லாத நாள். காலைப் பூசைக்குப் போய்வரும் கிறிஸ்தவ நண்பர்களுக்கும் பத்தரைக்குப் பிறகு என்றால் தோதாக இருக்கும்.

முஸ்லிம் நண்பர்கள் வருவதென்றால் சீஸ் பைக்கற்றில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பார்த்து வாங்குங்கள். பாலை உறையவைக்கச் சேர்க்கும் ரெனட் சில சீஸ்களில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்ததாக இருக்கும், சிலவற்றில் நுண்ணுயிரிலிருந்து எடுத்ததாக இருக்கும். சுத்த சைவக்காரருக்கும் இதே விஷயம் முக்கியம். முட்டை சாப்பிடாத ஒருவர் கூட்டத்தில் இருந்தால், அவருக்கு வேறு தாச்சியில் ஏதாவது செய்துவையுங்கள். "அதே சட்டியா?" என்று கட்டாயம் கேட்பார்.

2. நாலு பேருக்கு என்ன வேண்டும், எங்கே காசு போகும்

முட்டை 8
முழு ஆடைப் பால் 80 மில்லிலீற்றர்
செடார் சீஸ் 100 கிராம்
மரக்கறி, பச்சையாக நிறுத்தால் 400 கிராம் அளவு
பெரிய வெங்காயம் 1
பட்டர் ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி
உப்பு முக்கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி
பச்சைமிளகாய் 2, கொத்தமல்லி இலை கொஞ்சம்

விலையை ரூபாயில் எழுதினால் அடுத்த வாரமே பொய்யாகிவிடும், அதனால் பங்கை மட்டும் சொல்கிறேன். மொத்தச் செலவில் பாதிக்குக் கிட்ட சீஸுக்கே போகும். மீதியில் முட்டை பெரும்பங்கு, மரக்கறி அதற்கடுத்து. மிச்சம் பிடிக்கவேண்டும் என்றால் முட்டையில் கைவைக்காதீர்கள், சீஸை 70 கிராமாகக் குறைத்து, சின்னத் துளையில் துருவி, பாதிக்கு மேல் மேலே தூவுங்கள். நாக்கில் முதலில் படுவது மேற்புறம்தான், குறைத்தது யாருக்கும் தெரியாது.

முட்டை இங்கே எண்ணிக்கைக்குத்தான் விற்கிறது, பெரிசும் சின்னனும் கலந்து வரும். உடைத்த பிறகு எட்டும் சேர்ந்து 400 கிராம் அளவு இருக்கவேண்டும். எல்லாம் சின்னனாக இருந்தால் ஒன்பது போடுங்கள்.

3. மரக்கறி: எதை வாங்குவது, எதை விடுவது

லீக்ஸ், கரட், போஞ்சி எல்லாம் மலைநாட்டுச் சரக்கு, தம்புள்ளை வழியாக லொறியில் வந்து சேர்வது. சனிக்கிழமை காலையிலேயே சந்தைக்குப் போய்விடுங்கள். பின்னேரம் போனால் இந்த ஊர் வெயிலில் வாடினதுதான் கிடைக்கும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழைக்காலத்தில் லொறி பிந்தும், விலையும் ஏறும். அந்த நேரத்தில் மலைநாட்டு மரக்கறிக்காக அலையாமல் உள்ளூர்க் கீரைக்கு மாறிவிடுவது புத்தி.

மூன்று வகை போதும். என்னுடைய தெரிவு லீக்ஸ், கறிமிளகாய், ஒரு உருளைக்கிழங்கு. லீக்ஸ் வதங்கும்போது வரும் இனிப்பு சீஸுக்கு நன்றாகப் பொருந்தும். கறிமிளகாய் காரமில்லாமல் வாசம் தரும். உருளைக்கிழங்கு துண்டு உடையாமல் பிடித்துக்கொள்ளும். நாலாவதாக ஏதாவது வேண்டுமென்றால் காளான் அல்லது பசளிக்கீரை. முருங்கை இலை ஒரு பிடி போட்டாலும் நன்றாகத்தான் வரும், இத்தாலிக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

விடவேண்டியவை: வெண்டைக்காய் (வழுக்கும்), புடலங்காய் (தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும்), பீற்றூட் (எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும்). கத்தரிக்காய் எண்ணெயைக் குடிக்கும், பொரித்துப் போடப் பொறுமை இருந்தால் மட்டும் சரி. தக்காளி பலர் செய்கிற பிழை. உள்ளே இருக்கும் விதையையும் சாறையும் வழித்து எறிந்துவிட்டு, சதையை மட்டும் மெல்லியதாக நறுக்கி மேலே அடுக்கலாம், கலவைக்குள் போடாதீர்கள்.

லீக்ஸை நெடுக்காகப் பிளந்து, இலை இலையாக விரித்து ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். மண் உள்மடிப்பில்தான் இருக்கும். முழுசாகக் கழுவி வெட்டினால் கடைசியில் பல்லில் நறநற என்று கடிபடும். வெட்டி மிஞ்சுகிற தண்டையும் தோலையும் ஷொப்பிங் பையோடு கட்டி ரோட்டோரம் வைக்காதீர்கள். நம்முடைய ஊர் மான்கள் பையையும் சேர்த்தே தின்றுவிடும்.

4. சீஸ்

கடையில் மூன்று விதம் கண்ணில்படும். கட்டியாக வரும் செடார்தான் இதற்கு நல்லது, கொத்மலை மாதிரி உள்ளூர்த் தயாரிப்பே போதும், வெளிநாட்டுச் சீஸுக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை. முக்கோணமாகவும் சிலைஸாகவும் வரும் பதப்படுத்திய சீஸும் பாவிக்கலாம். அது உருகினாலும் எண்ணெய் பிரியாது, சின்னத் துண்டாக நுள்ளிப் போட்டால் அங்கங்கே மெத்தென்று இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் உப்பு கூட, கலவை உப்பை அரைத் தேக்கரண்டியாகக் குறையுங்கள். மொசரெல்லா இழுபடும் என்று ஆசைப்பட்டு வாங்குவார்கள். தண்ணீரில் மிதக்கிற வகையென்றால் வேண்டவே வேண்டாம், இருக்கிற தண்ணீர்ப் பிரச்சினை போதும்.

சந்தைக்குப் போகிற பயணத்தில் சீஸைக் கடைசியாக வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் கொக்கியில் அரை மணி நேரம் தொங்கினால் வீட்டுக்கு வரும்போது துருவ முடியாத பசையாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜில் வைத்து, துருவுவதற்கு முன் கால் மணி நேரம் மேலே இருக்கிற பிரீசரில் வையுங்கள். திகதியைப் பார்த்து வாங்குங்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை, ஆனால் பிரிட்ஜ் வைத்திருக்கிற எல்லாக் கடையும் இரவிலும் அதை ஓடவிடுவதில்லை. பைக்கற்றுக்குள் எண்ணெய் கசிந்து மூலையில் மஞ்சளாக நின்றால் அது ஒருமுறை உருகி மறுபடி இறுகின சரக்கு, அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள்.

5. தாச்சியும் அடுப்பும்

எட்டு முட்டைக்கு 25 சென்ரிமீற்றர் அகலமான தட்டைத் தாச்சி வேண்டும், அதாவது 10 அங்குலம். அதைவிடச் சின்னதென்றால் நடு வேகாது, பெரிதென்றால் வெறும் ஒம்லெட் ஆகிவிடும். நன்றாகப் பொருந்துகிற மூடி கட்டாயம். மூடி இல்லாவிட்டால் பெரிய சோற்றுச் சட்டியின் மூடியைப் பாருங்கள், அநேகமாகப் பொருந்தும்.

இரண்டு அடுப்புள்ள காஸ் குக்கரில் சின்ன பேர்னரைப் பாவியுங்கள். அதன் மிகக் குறைந்த நெருப்பும் கூடவாக இருந்தால், தாச்சிக்கு அடியில் தோசைக்கல்லை வையுங்கள். சூடு பரவலாக வரும், நடுவில் கருகாது. இந்த ஒரு வேலை செய்தாலே பாதிப் பேருடைய பிரச்சினை தீர்ந்துவிடும். நொன்ஸ்டிக் தாச்சியை மட்டும் வெறுமையாகக் காயவிடாதீர்கள், பூச்சு கெட்டுவிடும்.

இன்னொன்று, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அடுப்படி ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். நெருப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் பிரிட்டாட்டாவும் ஒரு பக்கம்தான் வேகும். வேர்க்கும், என்ன செய்வது.

அவண் இருக்கிறவர்களுக்கு: 180 பாகை செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்கி, அடுப்பில் ஓரம் இறுகியதும் தாச்சியை உள்ளே வைத்தால் 10 முதல் 12 நிமிடம். பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் வேண்டாம், அலுமினியத் தாள் சுற்றினால் சரி என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். அத்தோடு நம்முடைய மின்கட்டணம் அலகு கூடக்கூட விகிதமும் ஏறுகிற முறை. ஒரு பிரிட்டாட்டாவுக்காக அவணைக் காயவைப்பது எனக்கு வீண்செலவாகத்தான் படுகிறது. காஸ் அடுப்பு எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம்கூட எரியாது, அதுவும் பாதி நேரம் மெல்லிய நெருப்பு, 12.5 கிலோ சிலிண்டரில் அது ஒரு கணக்கே இல்லை.

6. தண்ணீரை விரட்டுங்கள்

இதுதான் முக்கியமான வேலை, இதைச் சனிக்கிழமை இரவே செய்து வைக்கலாம். கறிமிளகாய், காளான், கீரை எல்லாவற்றிலும் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர்தான். பச்சையாக முட்டைக்குள் போட்டால் அந்தத் தண்ணீர் வேகும்போது வெளியே வரும், போவதற்கு வேறு இடம் கிடையாது.

உருளைக்கிழங்கைச் சின்னச் சதுரமாக வெட்டி உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் அவித்து வடியுங்கள். தாச்சியில் எண்ணெய் விட்டு வெங்காயம், லீக்ஸ், ஒரு சிட்டிகை உப்பு. உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், அதனால்தான் முதலிலேயே போடச் சொல்கிறேன். நடுத்தர நெருப்பில், மூடாமல், எட்டுப் பத்து நிமிடம். மூடிவைத்தால் ஆவி திரும்ப உள்ளேயே விழும். பிறகு கறிமிளகாய், இன்னொரு ஐந்து நிமிடம். உருளைக்கிழங்கைக் கடைசியில் போட்டு ஓரம் பொன்னிறமாகும்வரை விடுங்கள். சத்தத்தைக் கவனியுங்கள்: முதலில் கொதிக்கிற சத்தம் வரும், தண்ணீர் போனபிறகு பொரிகிற சத்தமாக மாறும். அந்த மாற்றம் வந்தால்தான் இறக்கலாம்.

காளான் என்றால் தனியாக, தாச்சியில் இடம்விட்டு, முதலில் எண்ணெய்கூட விடாமல் வதக்குங்கள். அது விடுகிற தண்ணீரைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். கீரை என்றால் வாட்டி, ஆறவிட்டு, கையால் பிழியவேண்டும். இனி வராது என்று தோன்றியபிறகு இன்னொருமுறை பிழியுங்கள்.

வதக்கியதை அகலமான பீங்கானில் பரப்பி ஆறவிடுங்கள். சுடச்சுட முட்டைக்குள் கொட்டினால் முட்டை அங்கங்கே திரைந்துவிடும். முதல்நாளே செய்தால் ஆறியபிறகு மூடி பிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் அடியில் தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று பார்த்து வடித்துவிடுங்கள்.

7. முட்டைக் கலவை

ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சின்னக் கப்பில் உடைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். இந்த வெப்பத்தில் ஒரு கூழ்முட்டை வந்து ஏழு நல்ல முட்டையையும் கெடுத்துவிடலாம்.

பால், மிளகு, உப்பு போட்டு முள்ளுக்கரண்டியால் மஞ்சளும் வெள்ளையும் கலக்கும்வரை மட்டும் அடியுங்கள். நுரை வேண்டாம். நுரை வந்தால் வேகும்போது பலூனாக எழும்பி, இறக்கியதும் அமர்ந்துவிடும். பாலையும் கூட்டாதீர்கள், எட்டு முட்டைக்கு 80 மில்லிலீற்றருக்கு மேல் போனால் இறுகாது. பால்மாதான் இருக்கிறதென்றால் இரண்டு மேசைக்கரண்டியை 80 மில்லிலீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஆறியதும் சேர்க்கலாம். எனக்குப் பிடித்தது தடித்த எருமைத் தயிர் இரண்டு மேசைக்கரண்டி, மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு. பாலை அப்போது பாதியாகக் குறைக்கவேண்டும். தேங்காய்ப்பால் விடலாமா என்று கேட்பவர்களுக்கு: விடலாம், ஆனால் சீஸோடு சேராது, பிறகு அது வேறு சாப்பாடு.

சீஸில் மூன்றில் இரண்டு பங்கையும் நறுக்கிய பச்சைமிளகாய், கொத்தமல்லி இலையையும் ஆறின மரக்கறியையும் கலவையில் சேருங்கள்.

8. அடுப்பில்

தாச்சியை நடுத்தர நெருப்பில் வைத்து பட்டரைப் போடுங்கள், பக்கச்சுவரிலும் பூசுங்கள். பட்டர் நுரைத்து அடங்கியதும் கலவையை ஊற்றி, முதல் ஒரு நிமிடம் மரக்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக இழுத்து இழுத்து விடுங்கள். வெந்த பகுதி நடுவுக்கு வரும், பச்சை ஓரத்துக்கு ஓடும். பிறகு கை வைக்காதீர்கள். நெருப்பை அடிமட்டத்துக்குக் குறைத்து, தோசைக்கல்லை அடியில் வைத்து, மிச்சச் சீஸை மேலே தூவி மூடுங்கள்.

மூடியை ஒரு மெல்லிய துவாயால் சுற்றிக் கட்டி, நுனிகளை மேலே முடிந்துவிடுங்கள். மூடியில் படிகிற ஆவித் தண்ணீரை துணி குடித்துக்கொள்ளும், சீஸின் மேல் சொட்டாது. நுனி நெருப்புப் பக்கம் தொங்கவேண்டாம்.

15 முதல் 20 நிமிடம். பத்து நிமிடத்துக்கு முன் திறக்காதீர்கள். அதன்பிறகு தாச்சியை இலேசாக அசைத்துப் பாருங்கள்: ஓரம் இறுகி, நடு மட்டும் ஜெலி போலத் தளும்பினால் அடுப்பை நிறுத்தி, மூடியபடியே ஐந்து நிமிடம் விடுங்கள். மிச்சத்தைச் சூடே பார்த்துக்கொள்ளும். முட்டை 65 பாகைக்குக் கிட்ட இறுகத் தொடங்கும். 71 பாகை வந்தால் கிருமிப் பயமும் இல்லை. அதற்கு மேல் சூடு ஏற ஏற இறுகின முட்டை தன்னிடமிருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். மரக்கறியை எவ்வளவு வதக்கியும் தட்டில் தண்ணீர் நிற்கிறதென்றால் காரணம் இதுதான், கூட வெந்துவிட்டது. கர்ப்பிணிகளோ சின்னப் பிள்ளைகளோ வயதானவர்களோ சாப்பிடுவதென்றால் மட்டும் நடுத் தளும்பலும் நின்றபிறகு நிறுத்துங்கள்.

மேற்பக்கமும் பொன்னிறமாக வேண்டும் என்றால் திருப்பலாம். தாச்சியைவிடப் பெரிய, தட்டையான தட்டு ஒன்றில் அதைச் சறுக்கி இறக்கி, தாச்சியை அதன்மேல் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே திருப்பு, பிறகு இரண்டு நிமிடம் அடுப்பில். மேல் இன்னும் ஓடுகிற நிலையில் இதைச் செய்தால் முழங்கை வரை வழியும். திருப்பாமல் விட்டாலும் ஒரு குறையும் இல்லை.

9. நேரக் கணக்கு

மரக்கறி சனி இரவே தயார் என்றால், ஞாயிறு பத்தரைக்குச் சாப்பாடு வைக்க ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கினால் போதும். முட்டையையும் மரக்கறியையும் ஒன்பதேகாலுக்கு பிரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள். எல்லாவற்றையும் அன்று காலையிலேயே செய்வதென்றால் ஒன்பது மணிக்கு வெட்டப் பலகையோடு நிற்கவேண்டும். விருந்தாளிகள் பிந்துவார்கள், அதையும் கணக்கில் எடுங்கள். நல்லகாலம், இது சுடச்சுடத்தான் வேண்டும் என்றில்லை, வெதுவெதுப்பாக இன்னும் சுவை.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. முட்டைச் சாப்பாட்டை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது பொது விதி, வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். வைகாசியிலிருந்து ஆவணி வரை பகலில் நமக்கு அநேகமாக இரண்டாவது கணக்குத்தான்.

10. வெட்டுவதும் மிச்சமும்

இறக்கி ஐந்து நிமிடம் ஆறினபிறகு எட்டாக வெட்டுங்கள். உடனே வெட்டினால் உதிரும். பக்கத்தில் றோஸ்ட் பாண், தேசிக்காய் பிழிந்த வெங்காயத் தக்காளிச் சலட், கொஞ்சம் கட்டைச் சம்பல். சீனிச் சம்பலும் வைக்கலாம், சீஸின் உப்புக்கு அந்த இனிப்பு நன்றாக எடுபடும். குடிக்கப் பால் தேத்தண்ணியை விட இஞ்சி போட்ட வெறும் தேத்தண்ணி பொருத்தம், ஏற்கனவே பாலும் சீஸும் வயிற்றுக்குள் போய்விட்டது.

மிஞ்சினால் ஆறியதும் மூடி பிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், இறப்பர் மாதிரி ஆகிவிடும். தாச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடி, மெல்லிய நெருப்பில் நாலைந்து நிமிடம் வைத்தால் உள்ளேயும் நன்றாகச் சூடேறும். திங்கட்கிழமை பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியில் பாணுக்கு நடுவில் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். இடைவேளை வரை அது சூடான வகுப்பறையில் இருக்கும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை, காலைச் சாப்பாடாக வீட்டிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.